லினக்ஸ் கருவகத்தின் சாவி மேலாண்மையைத் தமிழில் ஆவணப்படுத்தல்: உடைமை, கைவசம், அனுமதி

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் இயக்குதளத்தின் கருவகம் கடவுச்சொற்கள், மறையாக்கச் சாவிகள், அடையாளச் சான்றுகள் முதலியவற்றைத் தன்னகத்தே காத்து, உரிய செயல்முறைக்கு உரிய நேரத்தில் வழங்குகிறது. 'சாவி காப்புச் சேவை' எனத்தக்க இவ்வமைப்பு 2004ஆம் ஆண்டு முதல் கருவகத்தின் பகுதியாக உள்ளது. இதன் செயற்பாட்டைத் தமிழில் விளக்குவதும், விளக்கும்போது எழும் கலைச்சொற் சிக்கல்களுக்குத் தீர்வு காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். ஒரு சாவிக்கு உடையவராக இருத்தல், அதனைக் கைவசம் வைத்திருத்தல், அதன்மீது அனுமதி பெற்றிருத்தல் ஆகிய மூன்றும் கருவகத்தில் வேறுவேறானவை. அவ்வாறே ஒரு சாவியின் பயன்பாட்டை முடிக்கும் வழிகளும் நான்கு உள்ளன. இவ்வேறுபாடுகளை மறைக்கும் மொழிபெயர்ப்பு பாதுகாப்புக் குறைபாட்டிற்கு வழிவகுக்கும் என்பதும், அவற்றைக் காட்டவல்ல சொற்கள் தென்காசி, குற்றாலம் பகுதி மக்களின் அன்றாட வழக்கிலும் பத்திர வழக்கிலும் ஆயத்தமாக உள்ளன என்பதும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், கருவகம், சாவிக்கொத்து, கைவசம், கலைச்சொல்லாக்கம், தொழில்நுட்ப ஆவணம்

முன்னுரை

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. நெல்வயல்களும் குற்றாலச் சாரலும் அறியப்பட்ட இப்பகுதியில், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் மென்பொருள் அலுவலகம் பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. சுற்றுவட்டார ஊர்களில் தமிழ்வழியில் பயின்ற இளைஞர்களுள் பலர் இன்று மென்பொருள் பணிகளில் ஈடுபட்டுள்ளனர். இதற்கு முன்பே, 2011இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி, சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயக்குதளம் அரசுப்பள்ளி மாணவர் கைகளுக்கு வந்து சேர்ந்தது. லினக்ஸ் கருவகம் தமிழ்வழி மாணவருக்கு எட்டாத பொருளாக இப்போது இல்லை. அதனை விளக்கும் ஆவணமே தமிழில் எட்டாததாக உள்ளது.

கருவகத்தின் மூலநிரலுடன் வெளியாகும் ஆவணத் தொகுதியில் சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளுக்கு மொழிபெயர்ப்புக் கோப்பகங்கள் உள்ளன. தமிழுக்கு அத்தகைய கோப்பகம் அமையவில்லை. இக்கட்டுரையாளர் அத்தொகுதியின் பாதுகாப்புப் பிரிவிலுள்ள சாவிகள் பற்றிய பகுதியைத் தமிழில் எழுத முயன்றபோது, முதல் வரைவிலேயே ஒரு பெரும்பிழை நேர்ந்தது. மூலத்தில் நான்கு வேறு வினைச்சொற்களால் குறிக்கப்பட்ட நான்கு செயல்களும் தமிழ் வரைவில் 'நீக்குதல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்பட்டிருந்தன. வரைவு படிக்க எளிதாகவே இருந்தது. ஆனால் அதனை நம்பி ஒருவர் கணினியை இயக்கினால், அழிந்துவிட்டதாக அவர் கருதும் மறைபொருள் அழியாமல் இருக்கும். அப்பிழையைத் திருத்தும் முயற்சியே இக்கட்டுரையாக விரிந்துள்ளது.

1. சாவி என்னும் சொல்

தமிழ்க் கணிமை எழுத்துகளில் இக்கருத்துக்கு விசை, திறவுகோல், திறவி, சாவி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. 'விசை' என்பது விசைப்பலகையில் உள்ள பொத்தானையும் இயற்பியலில் தள்ளுவிசையையும் குறிக்கும். ஒரே ஆவணத்தில் 'விசையை அழுத்துக' என்றும் 'விசையைக் காத்திடுக' என்றும் வருமாயின் படிப்பவர் தடுமாறுவர். 'திறவுகோல்' பொருத்தமான தமிழ்ச்சொல்லே. எனினும் கூட்டுச்சொற்களில் அது நீண்டுவிடுகிறது. மலையாளத்திலும் குமரி மாவட்டப் பேச்சிலும் வழங்கும் 'தாக்கோல்' வட்டார எல்லைக்குள் நின்றுவிடுகிறது. 'சாவி' போர்த்துக்கீசிய வழி வந்த சொல்லாயினும் சாவிக்கொத்து, கள்ளச்சாவி, மாற்றுச்சாவி எனத் தமிழின் புணர்ச்சிக்குள் இயல்பாக அமைந்துவிட்டது. ஆகவே இக்கட்டுரை 'சாவி' என்னும் சொல்லையே ஆள்கிறது.

கலைச்சொல் குறித்த இத்தகைய ஆராய்ச்சி இப்பகுதிக்குப் புதிதன்று. 1930களில் திருநெல்வேலியில் இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், பள்ளிப் பாடங்களுக்கான அறிவியற் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. அக்கால அறிஞர் எதிர்கொண்ட வினா 'இதற்குத் தமிழில் என்ன சொல்?' என்பதாக இருந்தது. இன்று அதனுடன் 'இச்சொல் எவ்வெவற்றை ஒன்றாகக் காட்டிக் குழப்பும்?' என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்க வேண்டியுள்ளது.

2. கருவகத்தில் ஒரு சாவியின் இயல்புகள்

சாவி காப்புச் சேவையை ரெட்ஹாட் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஹோவெல்ஸ் உருவாக்கினார். 2004 டிசம்பரில் வெளியான 2.6.10 பதிப்பில் இது இடம்பெற்றது. பயனர் நிரல்கள் இதனை அணுக மூன்று கருவக அழைப்புகள் உள்ளன. 'ஆட் கீ' புதிய சாவியைச் சேர்க்கும். 'ரிக்வெஸ்ட் கீ' ஒரு சாவியைக் கேட்டுப் பெறும். 'கீசிடிஎல்' ஏனைய மேலாண்மைச் செயல்கள் அனைத்தையும் ஆற்றும்.

கருவகம் காக்கும் ஒவ்வொரு சாவிக்கும் பின்வரும் இயல்புகள் உண்டு: வரிசை எண், வகை, பெயர்க்குறிப்பு, உட்பொருள், உடையவர் எண், குழு எண், அனுமதித் தொகுதி, காலாவதி நேரம், நிலை. இவற்றுள் உட்பொருளே மறைபொருள். ஏனையவை அதனைச் சுற்றியமைந்த நிர்வாகக் குறிப்புகள்.

குற்றாலத்தில் ஆனி முதல் ஆவணி வரையிலான சாரல் காலத்தில் தங்கும் விடுதிக்குச் சென்றவர்களுக்கு இவ்வமைப்பு விளங்கும். வரவேற்பு மேசைக்குப் பின்னால் பலகையில் சாவிகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட வில்லை கோக்கப்பட்டிருக்கும். எந்த அறை யார் பெயரில் உள்ளது, எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பன பதிவேட்டில் இருக்கும். வில்லையின் எண்ணைப் படிப்பவர் எல்லாரும் அறைக்குள் நுழைந்துவிட முடியாது. கருவகத்திலும் அவ்வாறே, ஒரு சாவியின் பெயர்க்குறிப்பைக் காணும் அனுமதியும் அதன் உட்பொருளைப் படிக்கும் அனுமதியும் வெவ்வேறானவை.

சாவிகள் கருவகத்தின் நினைவகத்தை நிரப்பிவிடாதிருக்க வரம்பும் உண்டு. இயல்பமைப்பில் சாதாரணப் பயனர் ஒருவர் 200 சாவிகள் வரையிலும், மொத்தம் 20,000 பைட் வரையிலும் வைத்திருக்கலாம். முதன்மைப் பயனராகிய 'ரூட்' கணக்கிற்கு இவ்வரம்பு 10 இலட்சம் சாவிகள், 2.5 கோடி பைட் என விரிகிறது.

3. சாவிக்கொத்துகள்

சாவிகள் தனித்து நிற்பதில்லை. அவை கொத்துகளில் கோக்கப்படுகின்றன. கருவகத்தைப் பொறுத்தவரை சாவிக்கொத்தும் ஒருவகைச் சாவியே. அதன் உட்பொருளாக அமைவன பிற சாவிகளுக்கான பிணைப்புகள். ஆகவே ஒரு கொத்திற்குள் மற்றொரு கொத்தையும் கோக்கலாம். தேடும்போது ஆறு அடுக்குகள் வரையே கருவகம் உள்ளே செல்லும். ஒரு கொத்து தன்னையே சுற்றிவந்து தன்னுள் அடங்கும் வகையில் கோக்க முயன்றால் அதனைக் கருவகம் மறுத்துவிடும்.

கொத்துகள் அவற்றின் வாழ்நாளால் வேறுபடுகின்றன. இழைக்கொத்து ஒரு செயல்முறையின் ஓர் இழைக்கு மட்டும் உரியது. இழை முடியும்போது அதுவும் முடியும். செயல்முறைக்கொத்து ஒரு செயல்முறையின் இழைகள் அனைத்திற்கும் பொது. அச்செயல்முறை வேறொரு நிரலாக மாறும்போது கைவிடப்படும். அமர்வுக்கொத்து ஒரு பயனர் உள்நுழைந்ததிலிருந்து தொடங்கி, அவர் இயக்கும் செயல்முறைகளுக்கும் அவற்றின் சேய்ச் செயல்முறைகளுக்கும் வழிவழியாக வந்து சேரும். பயனர்கொத்து ஒரே பயனர் எண்ணுடைய செயல்முறைகளுக்குப் பொதுவானது. நிலைகொத்து பயனர் வெளியேறிய பின்னரும் நிலைத்து நிற்கும். இயல்பமைப்பில் மூன்று நாட்கள் தொடப்படாதிருந்தால் காலாவதியாகும். பயனர் அமர்வில் இல்லாதபோது இயங்கும் பணிகளுக்குக் கெர்பரோஸ் அடையாளச் சான்றுகளை வழங்குதற்கு இது பயன்படுகிறது.

இங்கு உவமை ஓரிடத்தில் முறிகிறது என்பதை ஆவணம் தெளிவாகக் கூற வேண்டும். பித்தளைச் சாவி ஒரு நேரத்தில் ஒரு கொத்தில்தான் இருக்க முடியும். கருவகச் சாவி ஒரே நேரத்தில் பல கொத்துகளில் கோக்கப்பட்டிருக்கலாம். அவை படிகள் அல்ல. எல்லாக் கொத்துகளிலும் இருப்பது ஒரே சாவிதான். பின்னர்க் கூறப்படும் 'கழற்றல்' என்னும் செயலின் நுட்பம் இதில்தான் அடங்கியுள்ளது.

4. உடைமை, கைவசம், அனுமதி

கருவகச் சாவி மேலாண்மையின் மையக் கருத்து 'கைவசம்' ஆகும். ஒரு சாவியின் உடையவர் யார் என்பதை அதில் பதிந்துள்ள பயனர் எண் காட்டும். ஆனால் அச்சாவி ஒரு செயல்முறையின் கைவசம் இருக்கிறதா என்பது வேறு வினா. அச்செயல்முறையின் இழைக்கொத்து, செயல்முறைக்கொத்து, அமர்வுக்கொத்து ஆகியவற்றிலிருந்து தொடங்கி, தேடல் அனுமதியுள்ள கொத்துகளின் வழியே சென்று அச்சாவியை அடைய முடிந்தால்தான் அது கைவசம் உள்ளதாகும்.

அனுமதிகள் ஆறு: இயல்புகளைக் காணல், உட்பொருளைப் படித்தல், எழுதல், தேடல், கோத்தல், இயல்பு மாற்றல். இவ்வாறும் கைவசமுடையவர், உடையவர், குழுவினர், பிறர் என்னும் நால்வகையினருக்குத் தனித்தனியே வழங்கப்படுகின்றன. கைவசமுடையவருக்கான அனுமதி, அவர் உடையவராகவோ குழுவினராகவோ பிறராகவோ இருந்து பெறும் அனுமதியுடன் கூட்டப்படும்.

ஒரு பயனர் புதிய சாவியைச் சேர்க்கும்போது இயல்பாக அமையும் அனுமதி கவனிக்கத்தக்கது. கைவசமுடையவருக்கு எல்லா அனுமதிகளும் கிடைக்கின்றன. உடையவருக்கோ இயல்புகளைக் காணும் அனுமதி மட்டுமே கிடைக்கிறது. இதனைச் சோதிக்க, இக்கட்டுரையாளர் மெய்நிகர் கணினி ஒன்றில் ஒரே பயனராக இருமுறை உள்நுழைந்து இரு அமர்வுகளைத் தொடங்கினார். முதல் அமர்வின் கொத்தில் ஒரு சாவி சேர்க்கப்பட்டது. இரண்டாம் அமர்விலிருந்து அச்சாவியின் வரிசை எண்ணைக் கொடுத்துக் கேட்டபோது பெயர்க்குறிப்பு கிடைத்தது. உட்பொருளைக் கேட்டபோது அனுமதி மறுக்கப்பட்டது. பயனரும் ஒருவரே, சாவியும் அவருடையதே. ஆயினும் அவ்வமர்வின் கைவசம் அது இல்லை.

இவ்விரு கருத்துகளையும் 'உடைமை' என்ற ஒரே சொல்லால் குறித்தால், 'உடையவருக்கே ஏன் மறுக்கப்படுகிறது?' என்னும் வினாவுக்கு ஆவணத்தில் விடையிராது. விடை கிடைக்காத நிர்வாகி எல்லாருக்கும் எல்லா அனுமதிகளையும் திறந்துவிட்டுப் பணியை முடிக்கக்கூடும். பாதுகாப்பு அங்கேயே குலைந்துவிடுகிறது.

தமிழில் இவ்வேறுபாடு புதிதன்று. நிலப்பத்திரங்களில் 'பாத்தியம்' ஒன்றாகவும் 'சுவாதீனம்' மற்றொன்றாகவும் எழுதப்படுவதைப் பத்திரம் படித்தவர் அறிவர். நிலம் ஒருவர் பெயரில் இருக்க, சுவாதீனம் வேறொருவரிடம் இருக்கலாம். விடுதியிலும் கட்டடம் உரிமையாளருடையது. வாடகைக் காலத்தில் அறையின் சாவியோ தங்குபவர் கைவசம். 'சுவாதீனம்' இன்றைய மாணவருக்கு அயன்மையாக இருப்பதால், அதே பொருளில் பேச்சிலும் எழுத்திலும் வழங்கும் 'கைவசம்' இங்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

கைவசத்தை அலகாகக் கொள்வது எல்லா இடங்களுக்கும் பொருந்தாது என்பதற்கும் கருவக வரலாற்றிலேயே சான்று உண்டு. கோப்புகளை மறையாக்கும் 'எஃப்எஸ்கிரிப்ட்' வசதி தொடக்கத்தில் செயல்முறையின் கொத்துகளில் உள்ள சாவியைத் தேடியது. ஆனால் ஒருமுறை திறக்கப்பட்ட கோப்பு கணினி முழுவதற்கும் திறந்ததாகவே தோன்றும். இதனால் ஒரே கோப்பை ஒரு செயல்முறை படிக்க, பின்னணியில் இயங்கும் வேறொரு செயல்முறை சாவியின்றித் தவிக்கும் நிலை ஏற்பட்டது. 2019 நவம்பரில் வெளியான 5.4 பதிப்பில், சாவியைச் செயல்முறைக்கு மாறாகக் கோப்பு முறைமையுடனேயே சேர்க்கும் வழி அமைக்கப்பட்டது. கைவசம் யாருடையது என்பதைத் தெளிவாக வரையறுக்காதபோது எழும் சிக்கலுக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

5. கேட்டுப் பெறலும் இன்மைச் சாவியும்

ஒரு நிரல் தனக்குத் தேவையான சாவியைக் கேட்கும்போது கருவகம் முதலில் இழைக்கொத்திலும், பின் செயல்முறைக்கொத்திலும், அதன்பின் அமர்வுக்கொத்திலும் தேடும். எங்கும் கிடைக்காவிடில், கேட்டவர் அதற்கான குறிப்பைத் தந்திருந்தால், உட்பொருள் நிரப்பப்படாத சாவி ஒன்றைக் கருவகம் உருவாக்கும். பின்னர்ப் பயனர் வெளியிலுள்ள ஒரு துணைநிரலை அழைத்து, அதனை நிரப்பும் பொறுப்பை ஒப்படைக்கும். அத்துணைநிரல் எல்லாச் சாவிகளையும் தொடாதிருக்க, அந்த ஒரு சாவியை நிரப்புவதற்கு மட்டும் உரிய அதிகாரச் சாவி அதனிடம் வழங்கப்படும்.

துணைநிரலாலும் உட்பொருளைப் பெற இயலாதபோது 'இன்மைச் சாவி' இடப்படுகிறது. குறிப்பிட்ட நேரம் வரை யார் கேட்டாலும் 'இல்லை' என உடனே விடை கூறுவது அதன் பணி. ஆடிச் சாரலில் குற்றால விடுதிகளின் வாயிலில் 'அறைகள் காலி இல்லை' என்ற பலகை தொங்குவதை ஒத்தது இது. ஒவ்வொருவரும் உள்ளே சென்று பதிவேட்டைப் புரட்டச் செய்யாமல் பலகையே விடை கூறிவிடுகிறது. பலகை எப்போதைக்குமாகத் தொங்குவதில்லை; இன்மைச் சாவிக்கும் காலவரம்பு உண்டு.

6. முடிவின் நான்கு வகை

முன்னுரையில் சுட்டிய பிழை இங்குதான் நேர்ந்தது. ஒரு சாவியின் பயன்பாட்டை முடிக்கும் நான்கு செயல்களையும் இனி வேறுபடுத்திக் காணலாம்.

கழற்றல்: ஒரு கொத்திலிருந்து ஒரு சாவியின் பிணைப்பை எடுத்தல். இதற்குத் தேவைப்படுவது அக்கொத்தின்மீது எழுதும் அனுமதி; சாவியின்மீது அனுமதி தேவையில்லை. அச்சாவி வேறொரு கொத்தில் கோக்கப்பட்டிருந்தால் அது முழு உயிருடன் இருக்கும். எப்பிணைப்பும் எப்பிடிப்பும் எஞ்சாதபோதே கருவகம் அதனை அழிக்கும்.

காலாவதி: முன்னரே குறித்த நேரம் வந்ததும் சாவி பயன்படாமற் போதல். நேரத்தைக் குறிக்க இயல்பு மாற்றும் அனுமதி வேண்டும். காலாவதியான சாவியைக் கேட்டால் 'சாவி காலாவதியாகிவிட்டது' என்ற தனிப் பிழைச்செய்தி கிடைக்கும்.

ரத்து: சாவி இருக்கும்போதே அதன் செல்லுபடியை நிறுத்துதல். சாவியின்மீது எழுதும் அனுமதியோ இயல்பு மாற்றும் அனுமதியோ வேண்டும். அதன்பின் எந்தக் கொத்தின் வழியே வந்து கேட்டாலும் 'சாவி ரத்து செய்யப்பட்டது' என்ற விடையே வரும். பொதுவான 'பயனர்' வகைச் சாவியில் உட்பொருளும் அப்போதே விடுவிக்கப்படும்.

துடைத்தல்: சாவியை உடனடியாகப் பார்வையிலிருந்து அகற்றி அழிப்பிற்கு ஒப்படைத்தல். 2012இல் வெளியான 3.5 பதிப்பில் இது சேர்க்கப்பட்டது. தேடல் அனுமதி இருந்தாலே இதனைச் செய்யலாம். இதற்குப்பின் கேட்பவருக்கு ரத்து பற்றிய செய்தி கிடைக்காது. அத்தகைய சாவி இல்லாதது போன்ற நிலையே இருக்கும்.

காலாவதியான சாவியும் ரத்தான சாவியும் இயல்பமைப்பில் 300 நொடிகள் கழித்தே கழிவகற்றியால் நீக்கப்படுகின்றன. அதுவரை அவை இருந்து, 'ஏன் இல்லை' என்பதற்கு விடை கூறுகின்றன. பிழையின் காரணத்தைத் தேடும் நிர்வாகிக்கு இந்த ஐந்து நிமிடங்கள் பெரிதும் உதவும்.

இக்கட்டுரையாளர் செய்து பார்த்த சோதனையில், ஒரே சாவி பயனர்கொத்திலும் அமர்வுக்கொத்திலும் கோக்கப்பட்டது. அமர்வுக்கொத்திலிருந்து கழற்றிய பின்னரும் பயனர்கொத்தின் வழியே அதன் உட்பொருளைப் படிக்க முடிந்தது. ரத்து செய்தபோதோ இரு வழிகளும் ஒருங்கே மூடின. விடுதி வழக்கில் கூறின், தங்கியவர் சாவியைத் தன் கொத்திலிருந்து கழற்றிவிட்டார் என்பதால் மேலாளர் கொத்திலுள்ள சாவி பயனற்றதாகிவிடாது. சாவி தொலைந்துபோனால் விடுதிக்காரர் பூட்டையே மாற்றுகிறார். அதுவே ரத்துக்கு நிகர். பணியிலிருந்து விலகிய ஒருவரின் அணுக்கத்தை நிறுத்த வேண்டிய நிர்வாகிக்கு 'சாவியை நீக்குக' என்று மட்டும் கூறும் ஆவணம், எதனைச் செய்ய வேண்டும் என்பதையே கூறவில்லை.

7. உட்பொருளைக் காட்டாத சாவிகள்

சில சாவிகளின் உட்பொருளை அனுமதி பெற்றவரும் படிக்க இயலாது. 'லாகான்' வகைச் சாவியின் உட்பொருளைப் பயனர் வெளியிலிருந்து சேர்க்கலாம், மாற்றலாம். திரும்பப் படிக்க வழியில்லை. கருவகத்தின் உட்பகுதிகள் மட்டுமே அதனைப் பயன்படுத்தும்.

நம்பகச்சாவி, மறைச்சாவி ஆகிய இருவகைகளும் 2011இல் வெளியான 2.6.38 பதிப்பில் இடம்பெற்றன. நம்பகச்சாவியின் உட்பொருள் கருவகத்தினுள்ளேயே உண்டாக்கப்பட்டு, டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லினால் முத்திரையிடப்படுகிறது. பயனர் காண்பது முத்திரையிட்ட வடிவத்தை மட்டுமே. அதனை வட்டில் சேமித்து, மறுமுறை கணினியை இயக்கும்போது ஏற்றலாம். கணினி தொடங்கிய நிலை மாறியிருந்தால் முத்திரை திறக்காதவாறும் அமைக்கலாம்.

மறைச்சாவிக்குப் பாதுகாப்புச் சில்லு தேவையில்லை. அது மூலச்சாவி ஒன்றினால் மறையாக்கப்பட்டு வெளியே தரப்படுகிறது. மூலச்சாவி நம்பகச்சாவியாகவும் இருக்கலாம், சாதாரணப் பயனர் சாவியாகவும் இருக்கலாம். நகைப்பெட்டியின் சாவியைப் பீரோவுக்குள் வைத்து, பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் வீட்டு வழக்கம் இதற்கு ஒப்பாகும். பீரோச் சாவி ஆணியில் தொங்குமாயின் நகைப்பெட்டியின் பூட்டு எவ்வளவு உறுதியானாலும் பயனில்லை. மூலச்சாவி சாதாரணப் பயனர் வகையாக இருந்தால், மறைச்சாவியின் பாதுகாப்பும் அந்த அளவினதே என்று மூல ஆவணம் எச்சரிக்கிறது. தமிழ் ஆவணத்தில் 'மறைச்சாவி' என்னும் பெயர் இவ்வெச்சரிக்கையை மறைத்துவிடலாகாது.

யார் எச்சாவியைக் கோக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடுடைய கொத்துகளும் உள்ளன. கருவகத்தைத் தொகுக்கும்போதே பதிக்கப்பட்ட நம்பிக்கைச் சாவிகளின் கொத்தில் பின்னர் எவரும் புதிய சாவியைக் கோக்க இயலாது. அதற்கடுத்த இரண்டாம் நிலைக் கொத்தில், ஏற்கெனவே நம்பப்பட்ட சாவி ஒன்றினால் கையொப்பமிடப்பட்ட சாவியை மட்டுமே சேர்க்கலாம். விண்ணப்பத்துடன் இணைக்கும் படிகளில் சான்றொப்பம் கேட்பதை ஒத்த முறை இது. கருவகத்தில் ஏற்றப்படும் கூறுகளின் கையொப்பம் இத்தகைய சாவிகளைக்கொண்டே சரிபார்க்கப்படுகிறது.

8. பிடிப்பெண்ணிக்கையும் 2016ஆம் ஆண்டின் பிழையும்

ஒரு சாவியை எத்தனை இடங்கள் பிடித்துள்ளன என்பதைக் கருவகம் எண்ணி வைத்திருக்கும். ஒவ்வொரு பிடிப்பின்போதும் எண் ஒன்று கூடும், விடுவிப்பின்போது ஒன்று குறையும், பூச்சியமானால் சாவி அழிக்கப்படும். விடுதிப் பதிவேட்டில் வருகையும் புறப்பாடும் குறிக்கப்படுவது போன்றதே இது.

2016 சனவரியில் பெர்செப்ஷன் பாயிண்ட் என்னும் இசுரேலிய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இவ்வெண்ணிக்கையில் ஒரு பிழையை வெளியிட்டனர். ஒரு செயல்முறை, தான் ஏற்கெனவே கொண்டுள்ள அமர்வுக்கொத்தின் பெயரையே கொடுத்து மீண்டும் அதில் சேர முயன்றால், பிடிப்பு ஒன்று கூடிவிடும். குறைக்கப்பட வேண்டிய இடத்தில் குறைக்கப்படாது. எண்ணிக்கைக்கு ஒதுக்கப்பட்ட இடம் 32 பிட் மட்டுமே. இச்செயலைச் சற்றேறக்குறைய 429 கோடி முறை திரும்பச் செய்தால் எண் நிரம்பி வழிந்து பூச்சியத்திற்கு வந்துவிடும். பயன்பாட்டில் உள்ள கொத்தை யாரும் பிடிக்கவில்லை எனக் கருதிக் கருவகம் அதன் நினைவகத்தை விடுவிக்கும். அவ்விடத்தில் தான் விரும்பும் தரவை நிரப்பும் சாதாரணப் பயனர், முதன்மைப் பயனரின் அதிகாரத்தைக் கைப்பற்ற முடியும். இப்பிழை 3.8 பதிப்பு முதல் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனிக்கப்படாதிருந்தது. வெளிப்பட்டதும் திருத்தப்பட்டது. நிரம்பினால் வழியாது உச்சத்திலேயே நின்றுவிடும் எண்ணிக்கை முறையும் பின்னர்க் கருவகத்தில் கொண்டுவரப்பட்டது.

இந்நிகழ்வு ஆவண எழுத்தாளருக்கும் பாடமாகிறது. பூட்டு உடையவில்லை, மறையாக்கக் கணிதமும் தோற்கவில்லை. கணக்கெழுதுவதில் ஒரு வரி விடுபட்டது, அவ்வளவே. சாவியை விளக்கும் ஆவணம் மறையாக்கத்தை மட்டும் விளக்கி, பிடிப்பு, பிணைப்பு, விடுவிப்பு ஆகியவற்றைச் சுருக்கிச் சொன்னால், பிழை நேரக்கூடிய இடத்தையே அது விட்டுவிடுகிறது.

9. ஆவணப்படுத்தலுக்கான நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து தமிழ் ஆவணத்திற்குச் சில நெறிகளைப் பெறலாம். முதலாவது, கலைச்சொற்களைத் தனித்தனியே ஆக்காமல் எதிர்நிலைத் தொகுதிகளாக ஆக்க வேண்டும். 'உடைமை, கைவசம், அனுமதி' ஒரு தொகுதி. 'கழற்றல், காலாவதி, ரத்து, துடைத்தல்' மற்றொரு தொகுதி. ஒரு தொகுதியில் உள்ள சொல் அதே தொகுதியின் வேறொரு பொருளுக்கு வரலாகாது.

இரண்டாவது, ஒவ்வொரு செயலை விளக்கும்போதும் அதற்குத் தேவையான அனுமதி எது, அது எப்பொருளின்மீது தேவை என்பதை அதே இடத்தில் கூற வேண்டும். கழற்றலுக்குக் கொத்தின்மீதும் ரத்துக்குச் சாவியின்மீதும் அனுமதி தேவை என்ற ஒரு குறிப்பே இரண்டின் வேறுபாட்டையும் உணர்த்திவிடும்.

மூன்றாவது, ஆணைகளின் பெயர்களை மொழிபெயர்க்கலாகாது. இக்கட்டுரையில் அவை ஒலிபெயர்ப்பில் தரப்பட்டிருப்பினும், கையேட்டில் பயனர் தட்டச்சு செய்ய வேண்டிய வடிவிலேயே நிற்க வேண்டும். நான்காவது, ஒவ்வொரு வசதியும் எப்பதிப்பில் வந்தது என்பதைக் குறிக்க வேண்டும். பழைய மடிக்கணினி வைத்திருக்கும் மாணவருக்கு அக்குறிப்பு இன்றியமையாதது.

ஐந்தாவது, உவமை முறியும் இடத்தை ஆவணமே கூற வேண்டும். விடுதிச் சாவி ஓரிடத்தில் மட்டும் இருக்கும், கருவகச் சாவி பல கொத்துகளில் இருக்கும் என்ற வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், புரியவைக்க வந்த உவமையே பிழையைப் புகட்டிவிடும்.

முடிவுரை

லினக்ஸ் கருவகத்தின் சாவி மேலாண்மை, மறைபொருளை ஒளித்துவைப்பதோடு நில்லாமல், அதனோடு ஒவ்வொருவருக்கும் உள்ள உறவை வரையறுக்கும் அமைப்பாகவும் விளங்குகிறது. உடையவர் கைவசமுடையவராக இல்லாதிருக்கலாம். கைவசமுடையவரும் உட்பொருளைப் படிக்க இயலாதிருக்கலாம். கொத்திலிருந்து கழன்ற சாவி உயிருடன் இருக்கலாம். இவ்வேறுபாடுகளைக் காட்டும் சொற்கள் தமிழில் இல்லாமல் இல்லை. பத்திரத்தில் சுவாதீனமும், விடுதியில் கைவசமும், கொத்தில் கோத்தலும் கழற்றலும் மக்கள் நாள்தோறும் பயன்படுத்துவன. ஆவண எழுத்தாளர் அவற்றை இனங்கண்டு, வரையறுத்து, தொகுதியாக நிறுத்துவதே எஞ்சியுள்ள பணி.

இங்குப் பரிந்துரைத்த சொற்களைக்கொண்டு சாவிகள் பற்றிய பகுதி முழுவதையும் தமிழில் எழுதி, அதனைப் பயிலும் மாணவரிடம் ஒவ்வோர் ஆணையையும் கணினியில் செய்துபார்க்கச் சொல்லிச் சரிபார்ப்பது அடுத்த கட்டமாகும். மொழிபெயர்ப்பு சரியானதா என்பதற்கான சோதனையும் அதுவே. தமிழில் படித்ததை மட்டும் நம்பிச் செயற்படும் மாணவர், ரத்து செய்ய வேண்டிய இடத்தில் கழற்றிவிட்டு நிற்காதிருந்தால் அவ்வாவணம் தன் கடமையைச் செய்ததாகும்.